67 ஆசியா எங்கே? கணக்குப்படி அங்கே இல்லை (அவசரம்)

மாடிவானம்:
வணக்கம். நம் நுங்கம்பாக்கத்தில் கண்டுபிடித்த 67 ஆசியா சிறுகோளை மொட்டைமாடியிலிருந்து பார்க்க ரொம்ப நாள் ஆசை. செயலியை நம்பாமல் நானே எக்செல்லில் கணக்குப் போட்டேன். இடம் தப்பாக வருகிறது. எங்கே கோளாறு? சனிக்கிழமைக்குள் சொன்னால் புண்ணியம்.

இரவுக்கண்:
எவ்வளவு தள்ளி வருகிறது? எந்தத் தேதிக்கு? என்ன அளவு தொலைநோக்கி? மிகச் சாதகமான காலத்திலேயே அது 10ஆம் ஒளியளவை (எண் கூடக் கூட மங்கல்) ஒட்டித்தான் இருக்கும். நகர வெளிச்சத்தில் கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது.

ஐந்தரைமணி:
இந்திய நேரத்தைக் கொடுத்திருப்பீர்கள், உலக நேரம் கொடுக்க வேண்டும். எல்லோரும் விழும் பள்ளம் இதுதான்.

இரவுக்கண்:
அந்தச் சிறுகோள் ஒரு நாளைக்கே கால் பாகை அளவுதான் நகரும். ஐந்தரை மணி நேரத்தில் எங்கே ஓடிவிடப் போகிறது?

கோள்வாத்தியார்:
கெப்ளர் சமன்பாடு என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டதுண்டா? நீள்வட்டத்தில் எதுவும் ஒரே வேகத்தில் ஓடாது. அடிப்படை தெரியாமலே சுற்றுப்பாதை போட வந்துவிடுகிறார்கள். போன வருடமே விளக்கமாக எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கவும்.

மாடிவானம்:
கெப்ளர் போட்டுத்தான் இருக்கிறேன் ஐயா. அரை நெட்டச்சு (சூரியனிலிருந்து சராசரித் தூரம்) 2.42 வானியல் அலகு (பூமி-சூரியன் தூரம் ஒரு அலகு), சுற்றுக்காலம் 3.77 ஆண்டு, மையத்தொலைத்தகவு (பாதை எவ்வளவு நீள்வட்டம் என்பது) 0.185. செயலியோடு ஒப்பிட்டால் 15 பாகை வித்தியாசம்.

வியாழன்தாசன்:
வியாழனின் இழுப்பைச் சேர்த்தீர்களா? சேர்க்காவிட்டால் இப்படித்தான்.

கணக்குப்பிள்ளை:
புதிய தரவை எடுத்திருந்தால் வியாழன் 15 பாகை இழுக்காது. எல்லாத் தேதிக்கும் இதே வித்தியாசமா? கெப்ளர் கட்டத்தில் எழுதியதை அப்படியே போடுங்கள்.

பஞ்சாங்கப்பேரன்:
நடுவில் ஒரு சந்தேகம். மெட்ராஸில் கண்டதற்கு மெட்ராஸ் என்றே பெயர் வைத்திருக்கலாமே?

இரவுக்கண்:
அன்று புராணப் பெண் பெயர்தான் வழக்கம். ஆசியா என்று கிரேக்கப் புராணத்தில் ஒருத்தி இருக்கிறாள். ஆசியக் கண்டத்திலிருந்து முதலில் கண்ட சிறுகோளும் இதுதான். 1861 ஏப்ரல் 17இல் அதைக் கண்ட மெட்ராஸ் வானாய்வக வானியலாளர் நார்மன் போக்சன் ஒரே பெயரில் இரண்டையும் முடித்துக்கொண்டார்.

பஞ்சாங்கப்பேரன்:
அப்படியானால் 1864இல் இங்கேயே கண்டதற்குச் சாப்போ என்று வைத்தாரே? அவள் கவிஞர், புராணத்தில் வருபவள் இல்லை. அதுவும் போக, இரவெல்லாம் கண் விழித்தது உதவியாளர் ரகுநாதாச்சாரி, பெயர் துரைக்கு.

கோள்வாத்தியார்:
ஆதாரம் காட்டவும். ரகுநாதாச்சாரி பெயரில் இருப்பது 1867இல் அறிந்த ஆர் ரெட்டிக்குலி. அது மாறு விண்மீன், சிறுகோள் அல்ல.

பஞ்சாங்கப்பேரன்:
அந்தக் காலத்தில் ஆதாரத்தை யார் எழுதினார்கள், அதையும் சொல்லுங்கள்.

மாடிவானம்:
கணக்குப்பிள்ளை, எல்லாத் தேதிக்கும் இல்லை. சில வாரங்கள் அச்சாகப் பொருந்துகிறது. அங்கிருந்து 22, 23 மாதம் கழித்து மறுபடி பொருந்துகிறது. நடுவில்தான் தகராறு. கட்டத்தில் இருப்பது: சராசரிக் கோணம் (ஒரே வேகத்தில் ஓடினால் வருவது, பாகையில்) + 0.185 × சைன்(ரேடியன்ஸ்(முந்தைய விடை)). பத்துத் தடவை திரும்பத் திரும்பப் போட்டேன்.

கணக்குப்பிள்ளை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 22, 23 மாதம் என்பது சுற்றுக்காலத்தில் பாதி. சூரியனுக்கு மிக அருகிலும் மிகத் தொலைவிலும் நீங்கள் சைன் போட்டுக் கூட்டும் இந்தத் திருத்தம் பூஜ்யம், அதனால் அங்கே தப்பு வெளியே தெரியாது. சைனுக்கு உள்ளே ரேடியனாக்கினீர்கள், சரி. வெளியே நிற்கும் 0.185உம் ரேடியன் கணக்குதான். ஒரு ரேடியன் என்பது 57.3 பாகை. பாகையோடு கூட்ட அதை 57.3ஆல் பெருக்க வேண்டும், 10.6 வரும். பத்துப் பாகை நகர்த்த வேண்டிய இடத்தில் நீங்கள் கால் பாகைகூட நகர்த்தவில்லை. அது பூமிக்குப் பக்கமாக இருக்கும் நாட்களில் அந்தப் பத்து, வானத்தில் 15 ஆகத் தெரியும்.

கோள்வாத்தியார்:
நான் சொன்னதும் கெப்ளர்தானே.

ஐந்தரைமணி:
இருந்தாலும் நேரத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மாடிவானம்:
57.3 போட்டதும் பொருந்திவிட்டது. நன்றி கணக்குப்பிள்ளை. இங்கே மேகம் கூடுகிறது, பார்ப்போம்.

இரவுக்கண்:
தொலைநோக்கி என்ன அளவு என்று கேட்டிருந்தேனே?