15.5 அங்குல வயோலாவுக்கு எந்த வில் பொருந்தும்?

கேள்வி

வணக்கம். பல ஆண்டுகளாக வயலின் வாசித்துவரும் நான், சென்ற மாதம் 15.5 அங்குல உடல் நீளமுள்ள வயோலா (வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் வாத்தியம்) ஒன்றை வாங்கினேன். வில் தனியாக வாங்காமல் பழைய வயலின் வில்லையே பயன்படுத்துகிறேன். ஏ, டி தந்திகள் இனிமையாகப் பேசுகின்றன. மிகத் தாழ்ந்த சி தந்தியிலோ ஒலி எழவே தாமதமாகிறது, அழுத்தினால் கரகரக்கிறது. கடையில் விசாரித்தபோது, வயோலா சிறியதென்பதால் முக்கால் அளவு வில்லே போதும் என்றார்கள். அது சரியா?

முதல் பதில்

சரியல்ல. 15 அங்குலத்துக்கும் அதற்கு மேலும் உள்ள வயோலாக்கள் அனைத்துக்கும் முழு அளவு வயோலா வில் ஒன்றுதான். அளவுக்கேற்ப வில்லை மாற்றுவது பிள்ளைகளின் வயோலாக்களில்தான்: 14 அங்குல உடல் முழு வயலினின் உடலளவே ஆகையால் அதற்கு முழு வயலின் வில்லும், 13 அங்குலத்துக்கு முக்கால் வில்லும் பொருந்தும்.

உங்கள் சிக்கல் நீளத்தில் இல்லை, எடையில் இருக்கிறது. வயலின் வில் ஏறக்குறைய 60 கிராம். வயோலா வில் ஏறக்குறைய 70 கிராம். தடித்த சி தந்தியை அசைக்க அந்தப் பத்து கிராம் வேண்டும். கையால் அழுத்தி அதை ஈடுகட்ட முயன்றால் தந்தியின் அதிர்வு நெரிபடும். வயோலா வயலினைவிட ஐந்து சுரம் கீழே ஒலிப்பதால், அதே விகிதத்தில் உடல் வளர்ந்தால் 21 அங்குலம் ஆகிவிடும். அதைத் தோளில் வைத்து யார் வாசிப்பது? எனவே எல்லா வயோலாவும் தன் சுருதிக்குச் சிறியதே. உடல் சிறிதாகச் சிறிதாகச் சி தந்திக்குத் துணை குறைகிறது. உடல் சிறியது என்று வில்லையும் இலேசாக்கினால் குறை இரட்டிப்பாகும்.

கேட்டவர்

நன்றி. நண்பரின் 72 கிராம் வயோலா வில்லை வாங்கிப் பார்த்தேன். சி தந்தி உடனே பேசியது. ஆனால் அரை மணி நேரத்தில் சுண்டுவிரல் வலித்தது.

இரண்டாம் பதில்

தராசு சொல்லும் எடை பாதிக் கதைதான். ஒரே எடையுள்ள இரு வில்களில், முனைப்பக்கம் கனத்தது கையில் பாரமாகத் தோன்றும். வில்லை ஒற்றை விரல்மேல் கிடத்திச் சமநிலைப் புள்ளியைக் கண்டறிந்து, உங்கள் வயலின் வில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது முனையை நோக்கித் தள்ளியிருந்தால் சுண்டுவிரல் வலியின் காரணம் பெரும்பாலும் அதுவே. 68, 70 கிராமில் சிலவற்றைக் கேட்டு வாங்கி, கடையின் வயோலாவில் அல்ல, உங்கள் வயோலாவிலேயே சி தந்தியில் மெல்லத் தொடங்கியும் வேகமாகத் துள்ளவிட்டும் வாசித்துத் தேர்ந்தெடுங்கள். உயர்தர வில்கள் செய்யப் பயன்படும் பிரேசிலின் பெர்னாம்புகோ மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பதால் விலை அதிகம். முதல் வயோலா வில்லுக்கு நல்ல கார்பன் ஃபைபர் வில் போதுமானது என்பது என் கருத்து.

கேட்டவர்

சோதித்தேன், நண்பரின் வில் முனைப்பக்கமே கனக்கிறது. அடுத்த வாரம் வயோலாவை எடுத்துக்கொண்டே கடைக்குச் செல்கிறேன்.