விவாதத்தில் தோற்றவர் தேர்தலில் வென்றார்: பழமைவாதிகள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

திருமங்கலத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2024 செப்டம்பர் 10 இரவு ஃபிலடெல்ஃபியாவில் டிரம்பும் கமலா ஹாரிஸும் சந்தித்த விவாதம், நமக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தொடங்கியது. மருமகனும் நானும் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தோம். ஹாரிஸ் தாமே மேடையைக் கடந்து சென்று, தம் பெயரைச் சொல்லிக் கைகொடுத்தபோதே, "இன்றைக்கு இவர்தான் மாமா" என்று மருமகன் சொல்லிவிட்டார். விவாதம் முடிந்தபோது எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் நவம்பரில் டிரம்ப் 312க்கு 226 என்ற கணக்கில் வென்றார்.

அரசு அளவோடு செலவிட வேண்டும், குடும்பமும் ஊரும் தத்தம் பொறுப்பைத் தாமே சுமக்க வேண்டும், மாற்றம் நிதானமாக வர வேண்டும் என்று நம்புகிறவன் நான். என் தந்தை ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்கு வாக்களித்தவர். ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை நடந்தபோது ஊர்ப்பாசத்தில் மகிழ்ந்தேன். கொள்கையில் அவரோடு உடன்பட முடியவில்லை. என் கேள்விகள் இரண்டு. நெறியாளர்கள் ஒருபக்கம் சாய்ந்தார்கள் என்று அமெரிக்கப் பழமைவாதிகள் சொல்லும் குறை நியாயமானதா? இத்தகைய விவாதத்துக்கு நம்மைப் போன்றவர்கள் எவ்வளவு மதிப்பளிக்க வேண்டும்?

கீழமாசி வீதி வணிகர் எழுதியது:

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். 1980 அக்டோபர் 28 அன்று கிளீவ்லாந்தில் அன்றைய அதிபர் கார்ட்டருக்கும் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ரீகனுக்கும் இடையே நடந்த ஒரே விவாதத்தின் முடிவுரையில், நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இன்று நன்றாக இருக்கிறீர்களா, கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவது அன்றைவிட எளிதாக இருக்கிறதா என்று ரீகன் மக்களைக் கேட்டார். ஒரு வாரத்தில் நடந்த தேர்தலில் 44 மாநிலங்கள் அவர் பக்கம் நின்றன. பழமைவாதம் மேடையில் பேசிய பேச்சுகளில் இதற்கு ஈடாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தம்மை நம்பும்படி அவர் கேட்கவில்லை. அவரவர் வீட்டுக் கணக்கை அவரவரே எடுத்துப் பார்த்து முடிவு செய்யச் சொன்னார்.

இது எனக்கு ஏன் பெரிதாகப் படுகிறது என்றால், என் கடையில் கல்லாவுக்கு மேலே என் தந்தை காலத்துப் பழக்கமாக ஒரு நீளமான பேரேடு தொங்குகிறது. ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் துவரம்பருப்பு, கடலை எண்ணெய், மிளகாய் வற்றல் ஆகியவற்றின் விலையை அதில் எழுதி வைப்போம். விலையைக் கேட்டு முகம் சுளிக்கும் அம்மாக்கள் சிலர், "போன சித்திரையில் என்ன விலைக்குப் போட்டீர்கள், எடுத்துக் காட்டுங்கள்" என்பார்கள். பக்கத்தைப் புரட்டிக் காட்டியாக வேண்டும். 2024இல் அமெரிக்க வாக்காளர்களும் அப்படித்தான் பக்கத்தைப் புரட்டினார்கள். அங்கே 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 விழுக்காட்டைத் தொட்டது. பின்னர் அந்த விகிதம் தணிந்ததை ஆட்சியில் இருந்தவர்கள் சாதனையாகச் சொன்னார்கள். ஆனால் தணிந்தது ஏற்றத்தின் வேகம் மட்டுமே. ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நின்றது. இதைப் பொருளாதார வல்லுநர் விளக்கித்தான் இல்லத்தரசிக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஃபிலடெல்ஃபியாவில் ஹாரிஸிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியே, மக்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட நன்றாக இருக்கிறார்களா என்பதுதான். அவர் தாம் நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்ததையும் இனிச் செய்யப்போவதையும் சொன்னாரே தவிர, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. டிரம்ப் அந்த ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் தம் கூட்டங்களிலிருந்து மக்கள் பாதியில் எழுந்து போகிறார்கள் என்று ஹாரிஸ் சீண்டியதும், அவர் கூட்டத்தின் பெருமையைப் பேசத் தொடங்கிவிட்டார். செய்யப்போவதாகச் சொல்பவற்றையெல்லாம் துணை அதிபராக இருந்த மூன்றரை ஆண்டுகளாக ஹாரிஸ் ஏன் செய்யவில்லை என்ற சரியான கேள்வி டிரம்பின் முடிவுரையில்தான் வந்தது. அன்று டிரம்ப் தோற்றதற்கு அவரே காரணம். நவம்பரில் அவரை வெல்ல வைத்ததில் அவருடைய நாவன்மையைவிட மக்கள் வீட்டுக் கணக்குக்கே பங்கு அதிகம்.

பசுமலை தமிழாசிரியர் எழுதியது:

நெறியாளர் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன். சாலமன் பாப்பையா ஐயா நடுவராக அமர்ந்த பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. நம் நடுவர் இரு அணியையும் இடைமறிப்பார், கிண்டல் செய்வார், இறுதியில் தீர்ப்பும் சொல்வார். அந்த உரிமை அவருக்கு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டுதான் பேச்சாளர்கள் மேடை ஏறுகிறார்கள். அமெரிக்க நெறியாளருக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை கிடையாது. ஆகவே அவர் ஒருவரை மட்டும் திருத்தினால், பார்ப்பவர்கள் அந்தத் திருத்தத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

ஓஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் வளர்ப்புப் பிராணிகளைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்னதை நெறியாளர் மறுத்தது சரியே. ஆதாரமில்லாத செய்தியை அந்த மேடையில் அவர் சொல்லியிருக்கவே கூடாது. ஆனால் உலகின் எந்தப் போர்க்களத்திலும் அமெரிக்கப் படைவீரர் ஒருவர்கூட இன்று பணியில் இல்லை என்று ஹாரிஸ் சொன்னபோது மறுப்பு எதுவும் வரவில்லை. சிரியாவிலும் இராக்கிலும் அமெரிக்கப் படையினர் அப்போது இருந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் ஜோர்டானில் மூன்று வீரர்கள் டிரோன் தாக்குதலில் உயிரிழந்திருந்தார்கள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று சொல்ல இதில் இடம் இருக்கிறது.

இருந்தாலும் அந்தக் குறையையே பிடித்துக்கொண்டு தொங்குவது நமக்கு அழகல்ல. பார்வையாளர் இல்லாத அரங்கம், ஒருவர் பேசும்போது மற்றவரின் ஒலிவாங்கி அணைக்கப்படுவது ஆகிய விதிகள் ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் டிரம்பும் பைடனும் சந்தித்த விவாதத்திலும் இருந்தன. அங்கே அவை டிரம்புக்கே உதவின. அந்த விவாதத்தில் தடுமாறிய பைடன் ஜூலை 21 அன்று போட்டியிலிருந்து விலகினார்.

எனக்கு நெறியாளரைவிடக் கடிகாரத்தின் மீதுதான் வருத்தம். 1858இல் செனட் இடத்துக்காக லிங்கனும் டக்ளஸும் ஏழு ஊர்களில் விவாதித்தார்கள். முதலில் பேசுபவருக்கு ஒரு மணி நேரம், பதில் சொல்பவருக்கு ஒன்றரை மணி நேரம், மறுமொழிக்கு அரை மணி நேரம். இன்று ஒரு பதிலுக்கு இரண்டு நிமிடம். புதிய திட்டம் ஒன்றை அறிவிக்க அரை நிமிடம் போதும். அது வேண்டாம் என்பவரோ, அதற்குப் பணம் எங்கிருந்து வரும், யார் தலையில் விழும், பத்து ஆண்டுகள் கழித்து அதை நிறுத்த முடியுமா என்று படிப்படியாகக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்த அவசரத்தில் பழமைவாதிதான் எப்போதும் அதிகம் இழக்கிறார்.

மேலூர் வழக்கறிஞர் எழுதியது:

வணிகர் ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்பட முடியவில்லை. நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்ற கேள்வியைக் கொஞ்சம் வளைத்தால், எனக்கு என்ன தருவீர்கள் என்று ஆகிவிடும். 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு திருமங்கலத்தின் பெயரே வாக்குக்குப் பணம் தரும் முறைக்குச் சூத்திரமாக நாடெங்கும் வழங்கப்பட்டதை, இந்தக் கேள்வியைக் கேட்ட அன்பர் என்னைவிட அதிக வலியோடு அறிவார்.

அமெரிக்கப் பிரச்சாரத்தில் அந்தச் சரிவின் மென்மையான வடிவத்தைப் பார்த்தேன். சிற்றுண்டிச் சாலைப் பணியாளர்களின் டிப்ஸ் தொகைக்கு வரி இல்லை என்று டிரம்ப் ஜூனில் லாஸ் வேகாஸில் அறிவித்தார். ஆகஸ்டில் அதே ஊரில் ஹாரிஸும் அதையே சொன்னார். ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வரிச்சலுகை என்று ஒரு பழமைவாதி கேட்டிருக்க வேண்டும். அந்த ஜூலையில் அமெரிக்க அரசின் கடன் 35 டிரில்லியன் டாலரைத் தாண்டியிருந்தது. ஃபிலடெல்ஃபியாவின் தொண்ணூறு நிமிடங்களில் அந்தக் கடனை எப்படிக் குறைப்பது என்று இருவரில் எவரும் நின்று பேசவில்லை. நாம் கொண்டாடும் ரீகனின் எட்டு ஆண்டுகளிலும் அந்தக் கடன் ஏறத்தாழ மூன்று மடங்கானது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெறியாளர் சாய்ந்தாரா என்று இவ்வளவு பேர் கொதிக்கும்போது, இதைப் பற்றி நம் பக்கத்திலேயே யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு மனம் ஆறவில்லை.

கீழமாசி வீதி வணிகர் எழுதியது:

வழக்கறிஞர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். நான் சொன்ன பேரேட்டின் முன்பாதிதான் விலை. பின்பாதியில் பற்று வரவு இருக்கிறது. விலையைக் கேட்கும் அம்மாக்கள் அந்தப் பக்கத்தையும் புரட்டச் சொல்லி, மீதி எவ்வளவு நிற்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பொருளுக்கே போவார்கள். கிளீவ்லாந்தில் கேட்ட கேள்விக்கு அடுத்த வரியாக, இந்த நான்கு ஆண்டுகளில் உங்கள் பிள்ளைகள் பெயரில் எவ்வளவு பற்று எழுதியிருக்கிறார்கள் தெரியுமா என்று 2024இல் யாரேனும் கேட்டிருந்தால், அந்த மேடையில் நின்ற இருவருமே திணறியிருப்பார்கள்.