இங்கிலாந்து கம்பெனி பென்ஷனில் பத்து விழுக்காடு போனது: உங்களுக்கும் நடந்ததா?

நான் பினாங்கு, ஜெலுத்தோங். 1977இல் இங்கிலாந்து போய், லெஸ்டரில் ஒரு தொழிற்சாலையில் 17 வருடம் கடைசல் வேலை பார்த்தேன். அம்மா படுத்த படுக்கையானதும் 1994இல் ஊரோடு வந்துவிட்டேன். அங்கே இருந்தவரை பென்ஷனுக்கென்று வாரா வாரம் சம்பளத்தில் பிடித்தார்கள். 65 வயதில் வரும் என்று எழுத்தில் கொடுத்தார்கள். வேலையை விட்டுவிட்டு அந்த வயதுக்காகக் காத்திருக்கும் ஆளுக்கு அங்கே ‘டிஃபர்ட் மெம்பர்’ என்று பெயர்.

2009இல் கம்பெனி திவாலானது. எனக்குத் தெரியவே தெரியாது. கடிதமெல்லாம் நான் எப்போதோ காலி செய்த வாடகை வீட்டுக்குப் போயிருக்கிறது. என்னோடு அதே ஷாப்பில் இருந்த ஈப்போ அண்ணன்தான் லெஸ்டரிலிருந்து போன் போட்டு, “தம்பி, உனக்கு லெட்டர் வந்துச்சா?” என்றார். புது முகவரி எழுதி அனுப்பிய பிறகுதான் எனக்கு வந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்றே பிரித்தேன். என் பிறந்த தேதி, திவாலான தேதி, அதற்குக் கீழே 90 விழுக்காடு. மூன்றையும் விரலை வைத்து மறுபடி மறுபடி படித்தேன்.

விஷயம் இதுதான். பென்ஷன் நிதியில் பணம் போதாமல் கம்பெனி விழுந்தால், 2005இல் தொடங்கிய பென்ஷன் புரொடெக்‌ஷன் ஃபண்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு பென்ஷன் கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. விழுந்த நாளில் பென்ஷன் வயதைத் தாண்டியவருக்கு முழுத் தொகை. தாண்டாதவருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. அண்ணனுக்கு அன்று 66, எனக்கு 56. ஒரே மெஷினில் ஷிப்ட் மாற்றி நின்றவர்கள் நாங்கள். அவருக்கு முழுசாக வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் கட்டிய பணத்தில் எந்த வாரமும் பத்து விழுக்காடு குறைத்துக் கட்டவில்லையே.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. 90களின் தொடக்கத்தில் நிதி நிரம்பி வழிகிறது என்று சொல்லிக் கம்பெனி தன் பங்கைக் கட்டாமலே விட்டது. அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் இப்படிச் செய்தன. எங்கள் பிடித்தம் மட்டும் நிற்கவில்லை.

2018இல் எனக்கு 65. மாதம் 300 பவுனுக்குப் பதில் 270. அந்த 30 பவுன் என் வீட்டுக் கரண்டு பில், தண்ணி பில்லுக்கு ஆகும். 1997க்கு முந்தைய சேவை என்பதால் விலைவாசிக்கு ஏற்ற உயர்வும் இதுவரை கிடைக்கவில்லை. அதே 270தான் இன்றும் வருகிறது. உங்களில் யாருக்காவது இப்படி ஆனதா?

செந்தூலிலிருந்து ஓர் அக்கா:
தம்பி, என் வீட்டுக்காரருக்கும் அதே 90தான். அவர் தவறிய பிறகு அதில் பாதி எனக்கு வருகிறது. அவருடைய பென்ஷன் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் கிடந்தோம். அங்கத்திய அரசாங்கத்தின் பென்ஷன் டிரேசிங் சர்வீஸ் இலவசமாகத் தேடிக் கொடுத்தது. கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள், அனுப்பினேன். இங்கிலாந்து அரசாங்கம் தனியாகக் கொடுக்கும் முதியோர் பென்ஷனும், அவர் மலேசியாவில் இருந்ததால், ஏறவே இல்லை. பிலிப்பீன்ஸில் இருப்பவர்களுக்கு வருடா வருடம் ஏறுமாம். இது என்ன நியாயம்?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒருவர்:
அண்ணே, 2005க்கு முன்னால் இதைவிட மோசம். 2002இல் கார்டிஃபில் அல்லைடு ஸ்டீல் அண்ட் வயர் விழுந்தபோது, ஓய்வு பெற்றவர்களுக்கு முதலில் ஒதுக்கிவிட்டார்கள். ஓய்வு வயது வராதவர்களுக்கு மிச்சம் மீதிதான். பல வருடம் தெருவில் நின்று போராடினார்கள். நம்ம ஊர் இபிஎப்பில் (ஊழியர் சேமநிதி) பணம் அவரவர் பெயரில் கிடப்பதால் முதலாளி திவாலானாலும் கட்டியது கட்டியதுதான். எனக்கும் அங்கே ஒரு கம்பெனியில் எட்டு வருடச் சேவை இருக்கிறது, கம்பெனி இன்னும் ஓடுகிறது. ஆனால் முகவரி 2003இல் கொடுத்தது.

ஜெலுத்தோங் (பதில்):
தம்பி, உங்கள் கம்பெனியின் பென்ஷன் பிரிவுக்குப் புது முகவரியை இன்றைக்கே எழுதுங்கள். பழைய பே ஸ்லிப்பைத் தேடி எடுங்கள், நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் அதில் இருக்கும். அந்த எண்ணைக் கடிதத்தின் மேலேயே போடுங்கள். பதில் வந்ததும் இங்கே சொல்லுங்கள்.