பொட்ட நாய்க்கு துர்கான்னு பேரு வைக்கலாமா கூடாதா, வீட்டுல சண்ட

ஈசூன்காரி:
வணக்கம் மக்களே, ஒரு பஞ்சாயத்து. போன வாரம் ஷெல்டர்லேர்ந்து ஒரு பொட்ட நாய் எடுத்துட்டு வந்தோம். சிங்கப்பூர் ஸ்பெஷல்தான், அதாவது நம்ம ஊரு கலப்பு நாய், ரெண்டு வயசு இருக்கும்னாங்க, செம்பட்ட கலரு, ஒரு காது நேரா நிக்கும் இன்னொன்னு பாதியில மடிஞ்சு தொங்கும். நம்ம வீவக வீடுதான் (அரசாங்க அடுக்குமாடி), ஆனா இந்த மாதிரி நாய வீவக வீட்டுக்குத் தத்துக் குடுக்குற புராஜெக்ட் அடோர் திட்டம் வழியா வந்ததால ரூல்ஸ் பிரச்சன ஒன்னும் இல்ல. அங்க அதுக்கு பேரு பிரவுனி மூனு, ஏன்னா ஏற்கனவே ரெண்டு பிரவுனி இருந்துச்சாம். எனக்கு புராணத்துலேர்ந்து ஒரு பேரு வைக்கணும்னு ஆச. வந்த ரெண்டாவது நாளே புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல (தரைமாடித் தொறந்தவெளி) ஒரு டெலிவரிக்காரர் சைக்கிள் வேகமா வந்தப்ப என் மகளுக்கு முன்னாடி போய் அப்படியே நின்னுச்சு, குரைக்கக்கூட இல்ல, நின்னுச்சு அவ்ளோதான். அன்னைக்கே துர்கான்னு முடிவு பண்ணிட்டேன். மாமியார் சாமியாடாத கொறதான். "செவ்வாக்கெழம ராகு காலத்துல எலுமிச்ச வெளக்கு போடுற அம்மன் பேர வச்சுட்டு, ஏய் துர்கா குப்பத் தொட்டிய விட்டு வாடின்னு கத்துவியா?"ன்னு கேக்குறாங்க. நாய் லைசென்ஸ் இந்த சனிக்கெழமக்குள்ள போட்டுரலாம்னு இருக்கேன், அதுல பேரு போடணும். சொல்லுங்க.

தேக்கா தாத்தா:
உங்க மாமியார் சொல்றது நூத்துக்கு நூறு சரி. மாணிக்கவாசகர் சிவபுராணத்துல தன்ன தாழ்த்திச் சொல்லும்போது நாயிற் கடையாய்க் கிடந்தேன்னு சொல்றாரு, அதவிட கீழ எறங்க அவருக்கு வேற எடம் கெடைக்கல. அந்த நாய்க்குப் போயி மகிஷனக் கொன்னவ பேரா? வீட்டுல வளங்க, நல்லா சோறு போடுங்க, யாரு வேணாங்குறா. மணின்னு வைங்க. மூனு தலமொறயா தமிழன் வச்ச பேரு.

மீகோரெங்:
தாத்தா மணி கடுவன் நாய்க்கு லா 😂 இது பொம்பளப் புள்ள

தேக்கா தாத்தா:
மணிக்கு ஆம்பள பொம்பள கெடையாது தம்பி.

முருங்கமர வேதாளம்:
தாத்தா, அஜாமிளன் கத தெரியும்ல? பாகவதத்துல வரும். ஊர்ல பண்ணாத அநியாயமெல்லாம் பண்ண ஆளு, சாகுற நேரத்துல கடக்குட்டி மகன "நாராயணா"ன்னு கூப்புட்டான், கூப்புட்டது புள்ளையத்தான், ஆனா பேருக்கே வந்து நின்னாங்க விஷ்ணு தூதருங்க, எமதூதன் திரும்பிப் போனான். கூப்புடுற வாய்க்குத்தான் புண்ணியம், எதப் பாத்துக் கூப்புடுறோம்கிறது கணக்குல வரல. ஒரு நாளைக்கு நாய எத்தன தடவ கூப்புடுவோம் நீங்களே சொல்லுங்க. இந்த அக்கா துர்கான்னு வச்சா மாமியாருக்கே வெளக்கு போடாம புண்ணியம் வந்துரும்.

தேக்கா தாத்தா:
அஜாமிளன் "நாராயணா அந்த எலும்ப துப்பு"ன்னு கூப்புடல.

மீகோரெங்:
தாத்தா 1 வேதாளம் 0

கோப்பி ஓ:
நான் சாமிகுத்தம் பத்தியெல்லாம் பேச வரல. பக்கத்து வீட்டப் பத்திப் பேசுறேன். எங்க புளோக்குல ஒருத்தர் பொமரேனியனுக்கு லட்சுமின்னு வச்சாரு, பாசமாத்தான் வச்சாரு, வெள்ளிக்கெழம வந்த நாயாம். அதே மாடியில நாலு கதவு தள்ளி இன்னொரு லட்சுமி, அறுவது வயசு அக்கா. ஒரு நாள் அந்த அக்கா மார்க்கெட் பைய தூக்கிட்டு காரிடார்ல வர்றப்ப உள்ளேர்ந்து சத்தம், "லட்சுமி, வெளிய நிக்காத, ஒன் மூஞ்சப் பாத்தாலே தெரியுது நீதான் மோண்டேன்னு". அதுக்கப்புறம் அந்த மனுஷன் பொங்கலுக்கு பொங்கப்பானையோட போய் நின்னும் அந்த அக்கா கதவத் தெறக்கல. வீவக வீட்டுல சொவரு மெல்லிசு. துர்கா, பார்வதி, மீனாட்சி எல்லாம் உங்க புளோக்கிலயே எட்டு பேரு இருப்பாங்க, எண்ணிப் பாருங்க.

ஈசூன்காரி:
ஐயோ அண்ணே எங்க மாடியிலயே ஒரு துர்காதேவி ஆன்ட்டி இருக்காங்க 🤦🏾‍♀️ அத யோசிக்கவே இல்ல

நாலுகால் தோழி:
ஒன்னு கேக்குறேன், கோவப்படாதீங்க யாரும். கடுவன் நாய்க்கு பைரவா, பீமா, கர்ணா, ராஜான்னு வைக்கிறீங்களே அப்ப எந்தத் தாத்தாவும் சிவபுராணம் எடுத்துட்டு வர்றதில்ல. பீமன் ஒரு வீரன், பைரவர் சாமியே, அதெல்லாம் ஓகே, பொட்டன்னா மட்டும் அய்யோ அம்மன் பேரா. நாய் கேவலம்னா ரெண்டும் கேவலம். பொண்ணு பேர நாய்க்கு வச்சாதான் உங்களுக்கெல்லாம் வசவு மாதிரி கேக்குது, ஏன்னா பொம்பளையத் திட்டுறதுக்கு அந்த வார்த்தையத்தானே நம்ம வச்சிருக்கோம். நான் பத்து வருஷமா ஷெல்டர்ல வாலன்டியர், தத்தெடுக்க வர்ற தமிழ் குடும்பமே "மேல் டாக் இருக்கா"ன்னுதான் மொதல்ல கேக்கும்.

தேக்கா தாத்தா:
பைரவருக்கு வாகனம் நாய், அதனால பொருத்தம்மா. தேய்பிறை அஷ்டமிக்கு போய்ப் பாரு, பின்னாடி நாய் நிக்கும். நான் பொம்பளன்னு சொல்லல.

மீகோரெங்:
வாகனத்துக்கு ஓனர் பேரு வைப்பாங்களா தாத்தா, டாக்சிக்கு அங்கிள் பேரா வைக்கிறோம் 🤣

நாலுகால் தோழி:
இது நல்லாருக்கு 👏🏾

முருங்கமர வேதாளம்:
சரி சண்டைய விடுங்க, எல்லாரும் மறந்துட்ட பேரு ஒன்னு இருக்கு. தேவலோகத்து நாயே ஒன்னு இருக்கு, அதுவும் பொட்ட நாய். சரமா. இந்திரனோட நாய். ரிக் வேதம் பத்தாவது மண்டலம் 108-ஆவது சூக்தம் முழுக்க அவளுக்கும் பணிங்கிற மாட்டுத் திருட்டுக் கூட்டத்துக்கும் நடக்குற பேச்சுதான். பணிங்க மாட்டத் திருடி மலைக்குள்ள ஒளிச்சு வச்சுட்டாங்க, அவ ரசைங்கிற ஆத்தத் தாண்டி மோப்பம் புடிச்சே போயிட்டா. எப்புடி இந்தத் தண்ணியத் தாண்டுனேன்னு அவனுங்களே கேக்குறானுங்க. அப்புறம் பேரம். எங்களுக்குத் தங்கச்சியா இருந்துரு, திரும்பிப் போவாத, மாட்டுல பங்கு தர்றோம்ங்கிறானுங்க. எனக்கு அண்ணன் தங்கச்சி உறவெல்லாம் தெரியாது, ஓடிப்போயிருங்க, இந்திரன் வந்தா தாங்க மாட்டீங்கன்னு சொல்லிட்டா. எமனோட ரெண்டு நாய், நாலு கண்ணு உள்ளது, அதுங்களுக்கு சாரமேயர்னு பேரு, சரமா பெத்த புள்ளைங்கங்கிற அர்த்தத்துல. நாய்க்கு சாமி பேரு வைக்கல, நாய்க்கு நாய் பேரே வைக்கிறோம், தாத்தாவுக்கும் ஆட்சேபன இருக்காது.

தேக்கா தாத்தா:
ஆட்சேபன இருக்கு. வேதத்தோட நிறுத்திட்டியே, மிச்சத்தையும் சொல்லு. பிருஹத்தேவதைன்னு ஒரு நூல் இருக்கு, அதுல அவ பணிங்க குடுத்த பால குடிச்சுட்டு வந்து மாட்டப் பாக்கலன்னு இந்திரன்கிட்ட பொய் சொல்றா. இந்திரன் ஒரு ஒத ஒதைக்க, குடிச்ச பால கக்கிட்டு நடுங்கிக்கிட்டே திரும்ப அந்தப் பக்கமே ஓடுறா. லஞ்சம் வாங்குன நாய் பேரா வைக்கப் போறீங்க, அதுவும் சிங்கப்பூர்ல?

மீகோரெங்:
தாத்தா 2!!! எங்கேர்ந்து வர்றீங்க நீங்க

முருங்கமர வேதாளம்:
தாத்தா படிச்சிருக்காரு, ஒத்துக்குறேன் 🙏🏾 ஆனா அது பின்னாடி வந்த கத. மூலத்துல அவ கை நீட்டல, அதாவது கால் நீட்டல. அதோட மகாபாரதம் ஆதிபர்வத்த எடுங்க, பௌஷ்ய பர்வத்துல வர்ற மொத சம்பவமே இவதான். ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்துல யாகம் பண்றான், சரமாவோட குட்டி அந்தப் பக்கமா வருது, அவன் தம்பிங்க மூனு பேரும் போட்டு அடிச்சுட்டானுங்க. குட்டி அழுதுக்கிட்டே அம்மாகிட்ட ஓடுது. இங்கதான் எனக்குப் புடிச்ச எடம், அவ ஒடனே கோவப்படல, நீ எதாச்சும் தப்பு பண்ணிருப்ப, அதான் அடிச்சிருப்பாங்கன்னு மொதல்ல புள்ளையத்தான் கேக்குறா. நான் அவிச, அதான் யாகத்துல படைக்கிற சாப்பாட்ட, பாக்கக்கூட இல்ல, நக்கக்கூட இல்லம்மாங்குது குட்டி. அதுக்கப்புறம்தான் நேரா யாகசாலைக்கே போய், தப்பே பண்ணாத என் புள்ளைய ஏன் அடிச்சீங்கன்னு ராஜாவ நிக்க வச்சுக் கேக்குறா. ஒருத்தனும் வாயத் தெறக்கல. ஒனக்குக் கண்ணுக்குத் தெரியாத பயம் வந்து சேரும்னு சாபம் குடுத்துட்டுப் போறா, ராஜா கதிகலங்கி நல்ல புரோகிதனத் தேடி அலையுறான். அவ்ளோ பெரிய புத்தகம், தொடக்கத்துல ஒரு நாய்க்கு அநியாயம், கடைசியில தருமர் ஒரு நாய விட்டுட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன்னு நிக்கிறாரு. நடுவுல இருக்குறதெல்லாம் மனுஷங்க அடிச்சுக்கிட்டது.

ஈசூன்காரி:
அந்த "நீ எதாச்சும் தப்பு பண்ணிருப்ப" அப்படியே எங்க அம்மா 😭 ஸ்கூல்லேர்ந்து டீச்சர் போன் பண்ணா இதேதான் சொல்வாங்க. சரமா புடிச்சிருக்கு. மாமியார்கிட்ட கதையச் சொல்லிட்டு வர்றேன்.

கோப்பி ஓ:
விபீஷணன் பொண்டாட்டி பேரும் சரமாதான், அசோகவனத்துல சீதைக்கு ஆறுதல் சொல்ற ராட்சசி. சொல்லி வைக்கிறேன், அப்புறம் மாமியார் கண்டுபுடிச்சா நான் பொறுப்பில்ல.

நாலுகால் தோழி:
அக்கா பேரு நல்லாருக்கு, ஆனா கூப்புடுற பேரா ஆகுமான்னு பாருங்க. நாய்க்கு அர்த்தம் தெரியாது, சத்தம்தான் தெரியும். ரெண்டு மூனு அசை, கடைசியில ஆ ஈ மாதிரி நீட்டிக் கூப்புட தோதா முடியணும், கமாண்ட் மாதிரி கேக்கக் கூடாது. ஒருத்தர் சீதான்னு வச்சுட்டு சிட் சொல்லிக் குடுக்க ஆறு மாசம் பட்ட பாடு எனக்குத் தெரியும், அது கூப்புட்டா ஒக்காந்துரும், ஒக்காரச் சொன்னா ஓடி வரும். மாயாவும் வேணாம், மலாய்ல அதுக்கு நெசத்துல இல்லாததுன்னு அர்த்தம், பார்க்ல மக்சிக் (மலாய் ஆன்ட்டிங்க) சிரிப்பாங்க. சரமால எனக்கு ஒரே டவுட்டு. வீட்டுல ஒரு நாளைக்கு எத்தன தடவ "சரிம்மா"ன்னு சொல்றீங்க?

மீகோரெங்:
ஓ நோ

ஈசூன்காரி:
...

ஈசூன்காரி:
எண்ணிப் பாத்தேன். காலையில மட்டும் பதினாலு.

தேக்கா தாத்தா:
மணின்னு வைங்க.

முருங்கமர வேதாளம்:
கொழப்பமா இருந்தா என்ன, பிஸ்கட்டோட சேத்துக் கூப்புட்டா ஒரு வாரத்துல வித்தியாசம் புரிஞ்சுரும். "ச"வ அழுத்திக் கூப்புடுங்க.

நாலுகால் தோழி:
நீங்க நாய் வளத்திருக்கீங்களா?

முருங்கமர வேதாளம்:
படிச்சிருக்கேன்.

மீகோரெங்:
🤣🤣🤣🤣

ஈசூன்காரி:
அப்டேட். சனிக்கெழம லைசென்ஸ் போட்டாச்சு, கருத்தட பண்ண நாய்ங்கிறதால 15 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்), இல்லாட்டி 90 ஆகியிருக்கும். பேரு எடத்துல சரமான்னே போட்டேன். மாமியார் ஒத்துக்கிட்டதுக்குக் காரணம் ரிக் வேதம் இல்ல. கதையெல்லாம் கேட்டுட்டு, யாகசாலைக்குப் போயி புள்ளைக்காக நியாயம் கேட்டா பாரு, அதச் சொன்னப்ப மட்டும் "இவ தாய்டி"ன்னாங்க, எந்திரிச்சு சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க, அப்புறம் நாய் தட்டுல தயிர்சாதம் இருந்துச்சு. பால் குடிச்ச கதைய நான் சொல்லல, தாத்தா மன்னிக்கணும்.

ஆனா தோழி சொன்னது நடந்தே போச்சு. தெனம் ராத்திரி எட்டரைக்கு மாமியார் கோலாலம்பூர்ல இருக்குற நாத்தனார்கிட்ட போன் பேசுவாங்க, அவங்க பேசுறதுல பாதி சரிம்மாதான். நேத்து மொத "சரிம்மா"வுக்கு இது ரூம்லேர்ந்து ஓடி வந்து முன்னாடி ஒக்காந்துச்சு. ரெண்டாவதுக்கு கையக் குடுத்துச்சு. மூனாவதுக்கும் ஒன்னும் கெடைக்கலன்னதும் அந்த மடிஞ்ச காதும் நிமிந்துருச்சு. இப்ப மாமியார் நாத்தனார்கிட்ட "ஆகட்டும் ஆகட்டும்"னு பேசுறாங்க, அவங்க "என்னம்மா கோவமா"ன்னு என்கிட்ட போன் பண்ணிக் கேக்குறாங்க.

தேக்கா தாத்தா:
தயிர்சாதத்துல உப்பு போட வேணாம்னு சொல்லுங்க. பேருல எனக்கு இன்னும் உடன்பாடு இல்ல.