ரீடிங் ஹாலில் பாதியைப் பேசிப் படிக்கிற இடமாக மாற்றலாமா?

காவிரிக்கரை நூலகர்:
வணக்கமுங்க. பள்ளிபாளையம் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரி. நூலகம் தரைத்தளத்தில் இருக்கு. ரீடிங் ஹால் 60க்கு 30 அடி, உயரம் 12 அடி. டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. புத்தக ரேக்குகள் பின்னாடி தனி அறையில். புத்தகம் எடுக்க வருகிற கூட்டம் குறைஞ்சிருச்சு. என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கான இணைய ஆய்விதழ்ச் சேவை) கணக்கு இருப்பதால் ஆய்விதழ் படிக்கிறவர்களும் வீட்டிலிருந்தே பார்த்துக்கிறாங்க. ஆனா ஹாலில் உட்கார இடம் கிடைக்கிறதில்லை. அசைன்மெண்ட், செமினார், குரூப் 4 பயிற்சின்னு நாலு நாலு பேராகப் பேசிக்கிட்டிருக்காங்க, தனியாகப் படிக்கிறவங்க புகார் சொல்றாங்க. பாதி ஹாலைப் பேச்சுக்கு ஒதுக்கி நடுவில் பார்ட்டிஷன் போடச் சொல்கிறார் முதல்வர். போதுமாங்க? பட்ஜெட் சின்னது.

அவினாசி அக்கவுஸ்டிக்:
பார்ட்டிஷன் மட்டும் போட்டா காசுக்குக் கேடுங்க. 7 அடித் தடுப்புக்கு மேலே 5 அடி திறந்து கிடக்கும். பேச்சு கூரையில் பட்டு அந்தப் பக்கம் இறங்கிடும். உங்க ஹாலில் முதல் பிரச்சினை எதிரொலி. அது இருக்கிற இடத்தில் ஒரு மேசையின் சத்தம் அடுத்த மேசையைச் சத்தமாகப் பேச வைக்கும், அது இன்னொன்றை. கடைசியில் எல்லாரும் கத்துவாங்க, யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஹாலின் கன அளவு சுமார் 610 கன மீட்டர். எதிரொலி நேரம், அதாவது சத்தம் அடங்க ஆகிற நேரம், என்பது கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால் வருவது. மேசை, நாற்காலி, ஆட்கள் எல்லாம் சேர்த்து உறிஞ்சல் 45 சதுர மீட்டர்னு வைத்தால் 2.2 விநாடி. 0.8 உறிஞ்சல் உள்ள (படுகிற ஒலியில் 80 சதவீதத்தைக் குடிக்கிற) பேனல் 60 சதுர மீட்டருக்கு மாட்டினால் 48 கூடும், நேரம் ஏறக்குறைய 1 விநாடிக்கு இறங்கும். 600க்கு 1200 மி.மீ. சட்டம் என்றால் 83 வேணும். ஒரே தடவையில் முடியாதுன்னா பேச்சுப் பக்கத்துக் கூரையில் ஃபேன்களுக்கு இடையே 40 மாட்டி ஆரம்பிங்க.

கரூர்த் திரைச்சீலையோ பவானி ஜமக்காளமோ சுவரில் தொங்கவிட்டால் போதும்னு கட்டாயம் யாராவது சொல்வாங்க. பார்க்க லட்சணமாத்தான் இருக்கும். ஆனா சுவரோடு ஒட்டித் தொங்கும் மெல்லிய துணி கீச்சு ஒலியைத்தான் குடிக்கும், பேச்சின் கனமான பகுதி அப்படியே திரும்பி வரும். மரச்சட்டத்தில் 50 மி.மீ. ராக்வுல் (பாறை இழைப் பஞ்சு) வைத்து, கூரையிலோ சுவரிலோ 50 மி.மீ. இடைவெளி விட்டு மாட்டணும். மேலே போர்த்தும் துணி கரூர்த் துணியாகவே இருக்கட்டும், ஆனா வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வரணும். ரெக்ஸின் போர்த்தினால் ராக்வுல் வைத்ததே வீண். பொள்ளாச்சித் தென்னை நார் ஷீட்டும் வேலை செய்யும். தீத்தடுப்புப் பூச்சு இல்லாததைப் புத்தகம் இருக்கிற கட்டடத்துக்குள் விடாதீங்க.

எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். கதவு, கவுண்டர் இருக்கிற பக்கம் எப்படியும் சத்தம்தான், பேச்சு மேசைகளை அங்கே போடுங்க. அமைதிப் பகுதி கடைசி மூலைக்குப் போகட்டும். நடுவில் பார்ட்டிஷனுக்குப் பதில், பின் அறையிலிருந்து இரண்டு வரிசை ரேக்கைப் புத்தகத்தோடு கொண்டுவந்து நிறுத்துங்க. ரேக் அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 6 கிலோ நியூட்டன் (சுமார் 600 கிலோ எடை) பளு என்பது கணக்கு, வாசிப்பு அறைக்கு அதில் பாதிதான். உங்களுது தரைத்தளம், அதனால் பயமில்லை. மாடியில் நூலகம் வைத்திருக்கிறவங்க இதைப் படிச்சிட்டு ரேக்கை நகர்த்தினா, முதல்ல எஞ்சினியரைக் கேளுங்க.

தறிச்சத்தம்:
பாதி ஹால் ரொம்ப அதிகமுங்க. பள்ளிபாளையம், குமாரபாளையத்துப் பிள்ளைகளில் பல பேருக்கு வீட்டுச் சுவரின் அந்தப் பக்கம் விசைத்தறி ஓடும். தறிக்கூடத்துக்குள் 90 டெசிபலைத் தாண்டும். அந்தப் பையனுக்கு, அந்தப் பொண்ணுக்கு அமைதியாக ஒரு நாற்காலி இந்த ஊரில் வேற எங்கே இருக்கு? கூடிப் பேசிப் படிக்க மரத்தடி இருக்கு, கேண்டீன் இருக்கு, காலி வகுப்பறை இருக்கு. புது மோஸ்தர்னு சொல்லி இருக்கிற அமைதியையும் பிடுங்கிடாதீங்க.

முதலில் தலை எண்ணுங்க. இரண்டு வாரம், தினமும் 10.30, 12.30, 3.30 மணிக்குப் பேசுகிறவர், தனியாகப் படிப்பவர்னு இரண்டு கட்டத்தில் குறிங்க. தேர்வு நெருங்கும் வாரங்களைத் தனியாக எண்ணணும், விகிதம் அப்படியே தலைகீழாகும். வாசகர் ஒருவருக்கு 2.33 சதுர மீட்டர் என்பது இந்தியத் தரக் கணக்கு. உங்க ஹால் 167 சதுர மீட்டர், 71 பேருக்கு மேல் திணிக்கக் கூடாது. அதில் 24 இருக்கை பேச்சுக்குப் போதும். தேர்வுக் காலத்தில் அதையும் அமைதிக்குத் திருப்பிடுங்க.

காவிரிக்கரை நூலகர்:
24 சரியாத்தான் படுது. முதல்வர் சின்னச் சின்னக் கண்ணாடி அறைகளும் கேட்கிறார். பசங்களும் பொண்ணுகளும் ஒரே அறையில் உட்கார்ந்தா பெற்றோர் கேள்வி கேட்பாங்கன்னு அலுவலகத்தில் ஒரு பேச்சு ஓடுது.

கவுண்டர் அக்கா:
அந்தப் பேச்சுக்குப் பதில், கவுண்டரிலிருந்து பார்த்தா எல்லா மேசையும் தெரியணும், அவ்வளவுதான். அறையே வேண்டாமுங்க. கண்ணாடி சத்தத்தைத் திருப்பி அடிக்கும், உள்ளே இருக்கிறவங்களுக்கே பேச்சு விளங்காது. போட்டே ஆகணும்னா ஒரு சுவராவது பேனலாக இருக்கணும், கதவுக்குத் தாழ்ப்பாள் கூடாது.

மேசை சின்னதாக வாங்குங்க, 4 பேருக்கு 4க்கு 2½ அடி. 8 பேர் மேசை போட்டால் எதிர் மூலையில் இருக்கிறவனுக்குக் கேட்கணும்னே குரல் ஏறும். இரண்டைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளும்படி ஒரே உயரத்தில் இருக்கட்டும். நாற்காலி இழுக்கிற சத்தம் பேச்சைவிட மோசம், பைப்பின் வெளி விட்டத்தை அளந்து ரப்பர் புஷ் போடுங்க. கடினமான பிவிசி மூடி டைல்ஸில் தேய்ந்து சீக்கிரம் ஓட்டை விழும்.

முன்பதிவு ஒரு மணி நேரம், குறைந்தது 3 பேர், 10 நிமிடம் தாமதம்னா இடம் அடுத்தவங்களுக்கு. போர்டு மார்க்கரை அடையாள அட்டை வாங்கிக்கொண்டு கொடுங்க. யாராவது பெர்மனெண்ட் மார்க்கரில் எழுதித் தொலைச்சா, அதன் மேலேயே போர்டு மார்க்கரால் எழுதி உடனே துடைங்க, இரண்டும் சேர்ந்து வந்துடும். டிபன் பாக்ஸ் உள்ளே வரவே கூடாது. எறும்பு வரும், பின்னாலேயே எலி வரும். மூடி போட்ட தண்ணீர் பாட்டில் பரவாயில்லை.

இன்னொன்று: பேச்சுப் பகுதிக்குத் தனி வாசல் திறக்காதீங்க. கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்ய வருகிற நாக் குழு நாள்வாரிப் பயன்பாட்டுக் கணக்குக் கேட்கும். அந்த 24 பேரும் கேட் பதிவில் விழாம போயிடுவாங்க.

ஈரோடு வயர்மேன்:
கரண்டுக்கு லைட் சர்க்யூட்டில் கை வைக்காதீங்க. 20 லேப்டாப், ஒவ்வொன்றும் 65 வாட்னா 1300 வாட், 6 ஆம்பியருக்குக் கொஞ்சம் கம்மி. ஏற்கனவே ஃபேனும் லைட்டும் ஓடுற லைனில் இதைச் சேர்த்தா மதியம் ட்ரிப் ஆகும். தனியாக 2.5 சதுர மி.மீ. ஒயர், 16 ஆம்பியர் எம்சிபி, மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. மேசைக்கு 4 சாக்கெட், சுவரோரம். தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஓடினா காலில் தட்டும், பெருக்கும்போது தண்ணி படும்.

காவிரிக்கரை நூலகர்:
நன்றிங்க. இரண்டு வரிசை ரேக்கை ஹாலுக்கு எடுத்தா பின் அறையில் இடம் மிச்சமாகும். பழைய பாடத்திட்டப் புத்தகங்களையும் கழிச்சா அங்கே இன்னும் சில மேசை போடலாம். ஆடிட்டில் மாட்டுவோமோன்னு ஒரு தயக்கம்.

தணிக்கைத் தாத்தா:
கழிக்கிறது வேற, காணாம போறது வேறங்க. காணாம போனதுக்கு மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215ஐப் பல நிர்வாகங்கள் முன்மாதிரியாக எடுத்துக்குது. ஆண்டில் வழங்கின அல்லது பயன்படுத்தின 1000 நூலுக்கு 5 வரை இழப்பு நியாயமானதுன்னு அது சொல்லுது. 1000 ரூபாய்க்கு மேற்பட்ட நூல், அரிய நூல் என்றால் விசாரணை வேணும்.

கழிக்க, துறைவாரிப் பட்டியல் எடுத்துத் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்க. நூலகக் குழுத் தீர்மானம், பிறகு நிர்வாக ஒப்புதல். ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் எதிரே அக்செஷன் (நூல் சேர்க்கை) பதிவேட்டில் தீர்மான எண்ணும் தேதியும் சிவப்பு மையில். நூலக மென்பொருளான கோஹாவில் பதிவை அழிக்காதீங்க, 'விலக்கப்பட்டது'ன்னு நிலையை மாத்தினால் போதும். அழிச்சிட்டா அடுத்த சரிபார்ப்பில் எண்ணிக்கை இடிக்கும். பழைய பாடத்திட்டத்தில் தலைப்புக்கு ஒரு பிரதியை வைத்துக்குங்க, உள்ளூர் வரலாறும் கல்லூரி மலரும் கழிவுப் பட்டியலுக்கே வரக் கூடாது. நூலகம் வளர்கிற உயிர்னு நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931லேயே எழுதிட்டார். நாமதான் ரேக் வளர்ந்தா போதும்னு இருந்துட்டோம்.

பின் அறையில் மேசை போடுறதுக்கு முன்னாடி வெளிச்சத்தை அளங்க. ரேக் சந்துக்குப் போட்ட லைட் படிக்கப் பத்தாது, மேசை மேல் 300 லக்ஸ் வேணும்.