உவரி – கூட்டப்புளி கரை அரிப்பு வரைபடம்: அளவு எடுக்க உதவி வேணும்

வணக்கம். திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் உவரியிலிருந்து கூட்டப்புளி வரை கடல் அரிக்கும் இடம், ஊருக்குள் ஏறும் இடம் ரெண்டையும் வரைபடமாக்குகிறோம். கரைக்கோடு லேண்ட்சாட், சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுக்கிறோம். லேண்ட்சாட்டில் ஒரு புள்ளியே 30 மீட்டர்; அதற்குக் குறைந்த நகர்வை நம்ப முடியாது. ஒப்பிடும் வெவ்வேறு வருஷப் படங்கள் ஒரே மாதத்தவையாக இருக்கணும். ஆடிக் காற்றில் போன மணல் பெரும்பாலும் தை, மாசிக்குள் திரும்பிவிடும். மாதம் மாறினால் இல்லாத அரிப்பு தெரியும். கரை நகர்ந்த தூரத்தை அளக்க 50 மீட்டருக்கு ஒரு குறுக்குக்கோடு; தூண்டில் வளைவுகளுக்கு (கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள்) இருபுறமும் 25 மீட்டருக்கு ஒன்று.

சிக்கல் உயரத்தில்தான். இலவச செயற்கைக்கோள் உயரத் தரவில் பிழையே சில மீட்டர். கள்ளக்கடல் (தொலைவில் உருவாகி வரும் பேரலையால் கடல் திடீரென ஊருக்குள் ஏறுவது) ஒரு மீட்டர் ஏறினாலே தெரு நனையும், அதை இதில் எப்படிக் காட்ட?

டிஜிபிஎஸ் (துல்லியமாக இடமும் உயரமும் அளக்கும் ஜிபிஎஸ் கருவி) வைத்திருப்பவர்கள் உதவுங்க. கருவி தரும் நீள்வட்ட உயரத்துக்கும் (பூமியின் கணித வடிவத்திலிருந்து அளப்பது) கடல்மட்ட உயரத்துக்கும் நம்ம பக்கம் 90 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அதனால் நீங்களே மாற்றாமல், கருவி காட்டும் மூல அளவையே அனுப்புங்க.

கரையோர ஊர்க்காரங்க, சுவரில் கடல்தண்ணி நின்ற தடம் இருந்தா தரையிலிருந்து டேப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுங்க. தேதி, நேரம், இடக்குறி அவசியம். நேரம் இருந்தால்தான் ஓதத்தை (அன்றாடக் கடல்மட்ட ஏற்ற இறக்கம்) கழிக்க முடியும். மழைத்தண்ணி தேங்கிய தடம் வேண்டாம்.

இடிந்தகரை, கூத்தன்குழி பக்கத்து 2004-க்கு முந்தைய கடற்கரைப் போட்டோ யாரிடமாவது இருக்கா? பின்னணியில் கோயிலோ குருசடியோ தெரிஞ்சா போதும், கரை இருந்த தூரத்தைக் கணிச்சிடலாம்.