பொருள்: மறு: 'டபுள் பிளேர்' என்பதற்குச் சொல் வேண்டும் (பெட்ரோல் லைன் பாடம்)

அன்புடையீர்,
ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குழாயின் வாயைக் கூம்பாக விரித்து உதட்டை மடிக்கிற 'டபுள் பிளேர்' மட்டும் தமிழ்ச் சொல் இல்லாமல் நிற்கிறது. செய்முறை இது: ஸ்டீல் குழாயை உருளை கட்டரில் வெட்டி, உள்விளிம்புப் பிசிறை எடுத்து, நட்டை முதலில் கோக்க வேண்டும், மறந்தால் பிறகு ஏறாது. கருவியின் கட்டையில் இறுக்கி அடாப்டரை (குழாய் வாயில் வைக்கும் சிறு அச்சு) வைத்து அழுத்தினால் வாய் குமிழாகப் புடைக்கும். அடாப்டரை எடுத்துவிட்டுக் கூம்பை இறக்கினால் உதடு உள்ளே மடிந்து இரட்டைத் தடிமனாகும். 'இரட்டை வாய்விரிப்பு' சரியா?
– செ.

செ. ஐயா,
வாய்விரிப்பு வேண்டாம். ஏ.சி. மெக்கானிக் செப்புக் குழாயின் வாயை நேராகப் பெரிதாக்கி இன்னொரு குழாயைச் செருகிப் பற்றவைப்பதும் வாய்விரிப்புதான். கூம்பாக விரிவதற்கு 'அலர்வு', கருவிக்கு 'அலர்த்தி'. அலர் தன்வினை, அலர்த்து பிறவினை. காதலைப் பற்றிய ஊர்ப்பேச்சில், அகப்பாடல் உரைகள் முணுமுணுப்பான அம்பலை அரும்பாகவும் வெளிப்படையான அலரை மலராகவும் பிரிக்கின்றன. குறளில் அலரறிவுறுத்தல் தனி அதிகாரம். எனவே குமிழ் நிலைக்கு 'அரும்பு' எனலாம்.
– கா.மு.

அரும்பு ஆபத்து, ஐயா. குமிழோடு முடிகிற வகை தனியாகவே உண்டு. பல ஐரோப்பிய வண்டிகளின் பிரேக் லைனில் அதுதான். 'அரும்பு' என்று படித்த மாணவன் வேலை பாதியில் நிற்கிறது என்று கூம்பையும் இறக்கிவிடுவான். பிறகு அது பொருந்த வேண்டிய இருக்கையில் (இணைப்பின் உள்முகம்) உட்காராது, ஒழுகும்.

'இரட்டை' என்பதும் இரண்டு முனையையும் குறிக்கிற மாதிரி இருக்கிறது. உதடு மடிவதுதான் இதன் உயிர். ஒற்றை விளிம்பு ஸ்டீலில் விண்டுபோகும். 'மடியலர்வு' என்போம்.
– ரா.

மடி என்றால் சோம்பல், மடிதல் என்றால் சாதல். 'மடிப்பலர்வு' என்றால்தான் மடிப்பு என்று விளங்கும்.
– கா.மு.

பட்டறையில் 'பிளேர் அடி' என்றுதான் சொல்கிறார்கள். அதையே விடுங்கள், பெயரோடு கோணத்தை ஒட்டுங்கள். 5/16 அங்குலக் குழாயில் 45 டிகிரி வகைக்கும் 37 டிகிரி வகைக்கும் மரை ஒன்றே. ஒன்றை மற்றதில் மாற்றிப் போட்டாலும் நட்டு சுகமாக ஏறிவிடும். ஆனால் கூம்பு ஒரு கோட்டில் மட்டும் தொடும். இன்ஜெக்‌ஷன் லைனின் 3, 4 பார் அழுத்தத்துக்கு அது தாங்காது. கசிகிறதே என்று மேலும் முறுக்கினால் விளிம்பு நசுங்கும், அவ்வளவுதான். பெயர் தூய தமிழாக இருந்து கோணம் விட்டுப்போனால் என்ன பயன்?
– நா.

அனைவருக்கும் நன்றி. ரா. சொன்ன 'மடியலர்வு' என்பதையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் வருமிடத்தில் '45 டிகிரி மடியலர்வு, பட்டறை வழக்கில் டபுள் பிளேர்' என்று போடுகிறேன்.
– செ.

செ. ஐயா, 'மடிப்பலர்வு' என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 'அலர்த்தி' பற்றி யாரும் மறுமொழி தரவில்லையே?
– கா.மு.